தொடாமல் விட்ட ஓடை

காட்டை வெட்டினால் ஓடையில் தண்ணீர் கூடுமா, குறையுமா? யாரிடம் கேட்டாலும் குறையும் என்றுதான் சட்டென்று பதில் வரும். மரம் வளர்ப்போம் மழை பெறுவோம் என்று சுவரெல்லாம் எழுதி வைத்து வளர்ந்தவர்கள் நாம், வேறு எப்படிச் சொல்வோம். ஆனால் அமெரிக்காவின் மேற்கு மலைகளில், 2,000 மீட்டருக்கு மேலே, பைன், ஃபிர், ஸ்ப்ரூஸ் என்று பலவகை ஊசியிலை மரங்கள் கலந்து நிற்கும் காடுகளில், இதே கேள்வியை நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடைக்குள்ளேயே அளவுகோலை நட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே வந்த பதில் நேர் எதிரானது: வெட்டினால் தண்ணீர் கூடியது. எவ்வளவு கூடியது, எந்த மாதத்தில், எந்த மரத்தை வெட்டியபோது, எத்தனை வருஷத்துக்கு என்று கேட்கப் போனால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

பதிலைவிட அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருகிறேன். இந்த ஆராய்ச்சிகளில் எல்லோர் கண்ணும் வெட்டிய காட்டின் மேல்தான் இருக்கும். என்னைக் கேட்டால், பக்கத்தில் ஒன்றுமே செய்யாமல் விட்ட ஓடைதான் முழு வேலையையும் சுமக்கிறது.

ஏன் என்று பார்க்கலாம். ஒரு மலைச்சரிவில் மரங்களை வெட்டுகிறோம், அடுத்த வருஷம் ஓடையில் தண்ணீர் அதிகமாக வருகிறது. வெட்டியதால் வந்ததா, அந்த வருஷம் மழையும் பனிப்பொழிவும் அதிகம் என்பதால் வந்ததா? ஒரே ஓடையை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை. சரி, காடு உள்ள ஓடை ஒன்று, காடு குறைவான ஓடை ஒன்று என்று இரண்டை ஒப்பிட்டால்? சுவிட்சர்லாந்தில் எம்மென்டால் பகுதியில் 1900 வாக்கில் அதைத்தான் செய்தார்கள். ஸ்பெர்பெல்கிராபென் என்ற பள்ளத்தில் கிட்டத்தட்ட முழுவதும் காடு, ராப்பென்கிராபெனில் மூன்றில் ஒரு பங்குதான் காடு. உழைப்பு மெச்சத்தக்கது, ஆனால் இரண்டு ஓடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் காட்டின் பங்கு எவ்வளவு, மண்ணும் பாறையும் சரிவும் தந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அண்ணன் உயரமாக இருக்கிறான், தம்பி குட்டையாக இருக்கிறான், அண்ணன் குடித்த பால்தான் காரணமா என்று கேட்பது மாதிரி.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது கொலராடோவில் வேகன் வீல் கேப் என்ற இடம். ரியோ கிராண்டே ஆற்றின் தலைப்பகுதி, ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம், டக்ளஸ் ஃபிர்ரும் ஸ்ப்ரூஸும் ஆஸ்பென் மரங்களும் கலந்த சரிவுகள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் காடும் வெள்ளமும் பெரிய அரசியல் சண்டை. மலைக்காடுகளை அரசு வாங்கிப் பாதுகாக்க வேண்டும், அப்போதுதான் ஆறுகள் நிதானமாக ஓடும் என்று வனத்துறை சொன்னது. வானிலைத் துறையின் தலைவர் வில்லிஸ் மூர் 1910இல் ஓர் அறிக்கை கொடுத்து, காடுகளுக்கும் வெள்ளத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை என்று அதை மறுத்தார். 1911இல் காடு வாங்குவதற்கான வீக்ஸ் சட்டம் நிறைவேறியது, ஆனால் அறிவியல் கேள்வி அப்படியே நின்றது. நல்ல காரியம் என்னவென்றால், சண்டை போட்ட இரண்டு துறைகளும் சேர்ந்தே வேகன் வீல் கேப்பில் அளக்க உட்கார்ந்தன.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு ஓடைகள். ஒன்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 90 ஹெக்டேர், மற்றது 81 ஹெக்டேர். 1910இல் அளக்கத் தொடங்கியவர்கள் 1919 வரை ஒரு மரத்தையும் வெட்டவில்லை. அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஒன்பது வருஷம் வெறுமனே அளந்துகொண்டிருந்தார்கள், எதற்காக? இரண்டு ஓடைகளும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்காக. ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கோட்டில் முதல் ஓடையின் ஆண்டு நீர், நிலைக்கோட்டில் இரண்டாவது ஓடையின் ஆண்டு நீர், ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு புள்ளி. மழை அதிகமான வருஷத்தில் புள்ளி மேலே வலது பக்கம் போகும், வறண்ட வருஷத்தில் கீழே இடது பக்கம் வரும், ஆனால் ஓடைகள் நல்ல ஜோடியாக இருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டை ஒட்டியே விழும். அந்தக் கோடு கையில் வந்துவிட்டால், முதல் ஓடையை மட்டும் பார்த்தே இரண்டாவது ஓடையில் இந்த வருஷம் எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அப்புறம்தான் கோடாரியை எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு புள்ளிகள் கோட்டுக்கு மேலே போய் விழுந்தால், கோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள உயரம்தான் வெட்டியதன் விளைவு. மழை கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை, தொடாமல் விட்ட ஓடை அதைக் கழித்துக் கொடுத்துவிடும்.

1919இல் இரண்டாவது ஓடையின் காட்டை மொட்டையடித்தார்கள், 1926 வரை அளந்தார்கள். ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஓர் அங்குலம் நீர் கூடியது. அதாவது அந்தப் பரப்பு முழுவதும் ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பினால் எவ்வளவோ அவ்வளவு. வெட்டிய இடத்தில் ஆஸ்பென் சீக்கிரமே துளிர்த்து எழுந்தது.

ஓர் அங்குலம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், அதை அளப்பது சுலபமில்லை. ஓடையில் எப்படி அளக்கிறார்கள் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். குறுக்கே ஒரு சிறு கான்கிரீட் சுவர், அடியில் தண்ணீர் நழுவிப் போகாதபடி அதைப் பாறை வரைக்கும் இறக்கிக் கட்டியிருப்பார்கள். சுவரின் நடுவே கூர்மையான விளிம்பு கொண்ட இரும்புத் தகடு, அதில் ஆங்கில எழுத்து வி மாதிரி ஒரு வெட்டு. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி அமைதியாகி, அந்த வெட்டின் வழியாக மட்டும் வழிந்து விழும். பக்கத்தில் ஒரு சிறு கிணறு, குழாய் வழியாகத் தேக்கத்தோடு இணைந்தது, அதில் ஒரு மிதவை. மிதவை ஏறி இறங்க, கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் பேனா கோடு போட்டுக்கொண்டே இருக்கும். இப்போது மின்னணு உணரிகள் வந்துவிட்டன, ஆனால் தகடும் வெட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

வெட்டு வி வடிவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. கோடையில் நூல் மாதிரி வடியும் நீரையும் அடிமுனையில் துல்லியமாக அளக்கலாம், பனி உருகும் காலத்தில் பொங்கி வரும் நீரையும் அகன்ற மேல்பகுதி விட்டுவிடும். ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, நீர் மட்டம் இரட்டிப்பானால் வழியும் நீர் இரட்டிப்பாகாது, ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விடும். வெட்டில் நீர் 15 செ.மீ. உயரம் நின்றால் விநாடிக்குச் சுமார் 12 லிட்டர் போகிறது. ஒரே ஒரு செ.மீ. கூடி 16 ஆனால் 14 லிட்டர். தகட்டில் ஒரு குச்சி மாட்டிக்கொண்டு மட்டத்தை ஒரு செ.மீ. உயர்த்திவிட்டது, யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் நூற்றுக்குப் பதினேழு பங்கு பொய் நீர் ஏறிவிடும். காட்டையே வெட்டித் தேடும் வித்தியாசமும் ஏறக்குறைய அதே அளவுதான்! அதனால்தான் யாராவது ஒருவர் மழையிலும் பனியிலும் மலையேறிப் போய், தகட்டைத் துடைத்து, இலைதழைகளை எடுத்து, அளவுகோலைக் கண்ணால் படித்து எழுதிவிட்டு வர வேண்டியிருக்கிறது. நீண்டகால ஆராய்ச்சி என்று பெரிய பெயரில் சொல்வதன் அடியில் இருப்பது இந்த நடைதான். ஆய்வுக் கட்டுரைகளில் அந்த ஆட்களின் பெயர் பெரும்பாலும் வராது என்பது எனக்கு வருத்தம்.

வேகன் வீல் கேப் ஒன்பதோடு ஏழு, பதினாறு வருஷத்தில் முடிந்துபோனது. அதைவிட நீண்ட கதை அதே கொலராடோவில் ஃப்ரேசர் பரிசோதனைக் காட்டில் இருக்கிறது. 1937இல் நிறுவியது. அங்கே ஃபூல் க்ரீக் என்ற 289 ஹெக்டேர் ஓடைப்பகுதியையும், ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் க்ரீக் என்ற தொடாத ஓடையையும் பத்து வருஷத்துக்கு மேல் ஜோடியாக அளந்துவிட்டு, 1954 முதல் 1956 வரை ஃபூல் க்ரீக்கின் பரப்பில் நாற்பது சதவீதத்தை வெட்டினார்கள். மொட்டையாக இல்லை, பட்டை பட்டையாக: ஒரு பட்டை வெட்டு, ஒரு பட்டை காடு, மறுபடி ஒரு பட்டை வெட்டு. முதல் சில வருஷங்களில் நீர்வரத்து ஏறக்குறைய நாற்பது சதவீதம் கூடியது.

இங்கேதான் ஊசியிலைக் காட்டின் தனித்தன்மை தெரிகிறது. கோடையில் மரம் வேரால் உறிஞ்சி இலையால் ஆவியாக்கும் நீர் எல்லாக் காட்டுக்கும் பொது. ஆனால் இந்த மரங்கள் குளிர்காலத்திலும் இலையோடு நிற்பவை. பனி பொழியும்போது ஊசிகளும் கிளைகளும் அதைக் கையேந்திப் பிடித்துக்கொள்கின்றன. கிளையில் உட்கார்ந்த பனிக்கு நாலா பக்கமும் காற்று படுகிறது, மலைமேல் காற்று வறண்டது, வெயிலும் உண்டு. உருகாமலேயே நேராக ஆவியாகிப் போய்விடுகிறது, கற்பூரம் கரைவது மாதிரி. தரைக்கு வந்தே சேராத பனி அது. மரங்களுக்கு நடுவே சிறு வெட்டவெளி இருந்தால் பனி நேராகத் தரையில் விழுந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அழுந்தி, சுற்றி நிற்கும் மரங்களின் நிழலில் வசந்தம் வரைக்கும் கிடக்கும். அதற்காக வெட்டவெளியை மிகவும் பெரிதாக்கினாலும் கெட்டது, காற்று உள்ளே புகுந்து பனியை வாரிக்கொண்டு போய்விடும். அகலம் மர உயரத்தைப் போல ஐந்தாறு மடங்குக்குள் இருந்தால்தான் பனி நன்றாகத் தங்குகிறது.

ஃபூல் க்ரீக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், கூடுதல் நீர் பெரும்பாலும் வந்தது மே மாதத்தில், பனி உருகி ஏற்கெனவே ஓடை நிறைந்து ஓடும்போது. ஆகஸ்டில் வயல் காய்ந்து நிற்கும் விவசாயிக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை, கீழே பிடித்து வைக்க அணை இருந்தால்தான் உண்டு. வெட்டிய இடத்தில் மரம் திரும்ப வளர வளர விளைவும் மெல்ல மெல்லக் குறைந்தது. முழுவதும் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய 80 வருஷம் ஆகும் என்று முப்பது வருஷத் தரவை வைத்து மதிப்பிட்டார்கள். ஐந்து வருஷத் திட்டமாக இதை நடத்தியிருந்தால் நாற்பது சதவீதம் என்ற முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், அந்த எண்ணை வைத்து யாராவது ஒரு சட்டமும் போட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு அவசரம் அரிசோனாவில் உண்மையிலேயே இருந்தது. பாலைவன நகரமான ஃபீனிக்ஸுக்கும் சுற்றியுள்ள பாசனத்துக்கும் சால்ட் நதிதான் உயிர். அதன் குறுக்கே 1911இல் கட்டி முடித்த ரூஸ்வெல்ட் அணையில் வண்டல் சேரும் கவலையால்தான் 1932இல் சியரா ஆஞ்சா பரிசோதனைக் காடு தொடங்கியது. வண்டலைப் பற்றிய கவலை போகப் போக தண்ணீர் ஆசையாக மாறியது. மலைமேல் இருக்கும் மரங்களைக் குறைத்தால் அணைக்கு எவ்வளவு நீர் கூடும் என்று 1956இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த பார் அறிக்கை விரிவாகப் பேசியது, மாநிலமே அந்த எதிர்பார்ப்பில் இருந்தது.

சியரா ஆஞ்சாவில் வொர்க்மன் க்ரீக் மூன்று கிளைகளாகப் பிரிகிறது: வடகிளை, நடுக்கிளை, தென்கிளை. மேலே சரியான கலப்பு ஊசியிலைக் காடு, ஈரமான பள்ளங்களில் டக்ளஸ் ஃபிர்ரும் வெள்ளை ஃபிர்ரும், வறண்ட மேடுகளில் பாண்டரோசா பைன். 1930களின் இறுதியில் மூன்றிலும் நீர் அளக்கும் குறுக்குச் சுவர்களை, அதாவது அளவை அணைகளைக் கட்டினார்கள். நடுக்கிளையைத் தொடவில்லை. 1953இல் வடகிளையில் ஓடைக்கரையை ஒட்டி நின்ற ஆல்டர், மேப்பிள் மரங்களை மட்டும் வெட்டினார்கள். தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நிற்கும் மரங்கள், இவைதானே ஓடையைக் குடிக்கின்றன என்று யாருக்கும் தோன்றும். வெட்டிப் பார்த்தால் நீர்வரத்தில் குறிப்பிடும்படி மாற்றமே இல்லை! எண்ணிக்கையில் அவை சொற்பம், காட்டின் மொத்தத் தாகத்தில் அவற்றின் பங்கு அவ்வளவுதான். தென்கிளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேர்ந்தெடுத்து வெட்டினார்கள், அதிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை, மீதி நின்ற மரங்களின் வேர்கள் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொண்டன. 1958இல் வடகிளையின் ஈரப்பள்ளங்களில் இருந்த ஃபிர் காட்டை எடுத்துவிட்டுப் புல் விதைத்தபோதுதான் நீர் தெளிவாகக் கூடியது. ஆழ்ந்த மண்ணில் வேர் இறக்கி வருஷம் முழுக்கக் குடித்த மரங்களுக்குப் பதில் மேலோட்டமாக வேர்விடும் புல் வந்தது, அதுதான் காரணம். ஆக, அரிசோனாவுக்குக் கிடைத்த பாடம் இது: கண்ணில் படும்படி தண்ணீர் வேண்டுமென்றால் அங்கங்கே வெட்டினால் போதாது, காட்டையே காடாக இல்லாமல் ஆக்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஓடைக்குள் இருக்கும் தகடு பதில் சொல்லாது.

உலகம் முழுவதும் இப்படி நடந்த 94 ஆய்வுகளை 1982இல் தொகுத்துப் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. காட்டுப் பரப்பில் இருபது சதவீதத்துக்குக் குறைவாக மாற்றம் செய்தால் ஓடையின் ஆண்டுக் கணக்கில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம். நம் நீலகிரியிலும் இந்த ஜோடி முறை உண்டு. பைக்காரா பக்கம் கிளன்மார்கனில், உதகையிலுள்ள மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் 1968இல் இரண்டு புல்வெளி ஓடைகளை அளக்கத் தொடங்கியது. 1972இல் ஒன்றில் 59 சதவீதப் பரப்பில் யூகலிப்டஸ் நட்டார்கள். அங்கே கதை தலைகீழ், மரம் இல்லாத இடத்தில் மரம் வந்தது, முதல் பத்து வருஷத்தில் நீர் 16 சதவீதம் குறைந்தது, வெட்டி மறுதாம்பாக வளர்ந்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம். நீலகிரிப் புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து மரம் நட்டவர்கள் அந்த எண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

மறுபடி ஊசியிலை மலைக்கே வருகிறேன், ஏனென்றால் தொடாத ஓடைக்கு இப்போது ஆபத்து வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் தெற்கு சியரா நெவாடாவில் 2000 வாக்கில் கிங்ஸ் ரிவர் பரிசோதனை நீர்ப்பிடிப்புகள் என்று எட்டு சிறு ஓடைகளை எடுத்தார்கள். நான்கு ஓடைகள் மழையும் பனியும் மாறி மாறிப் பொழியும் உயரத்தில், நான்கு அதற்கு மேலே பனியே ஆளும் உயரத்தில். வெப்பம் ஏறினால் மேலே இருக்கும் ஓடைகள் கீழே இருப்பவை மாதிரி ஆகும், அதனால் இரண்டையும் சேர்த்து அளப்பது எதிர்காலத்தை முன்கூட்டியே பார்ப்பதற்குச் சமம், மிக நல்ல யோசனை. நெருக்கமாக நின்ற மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைத்துவிட்டு விளைவைப் பார்க்கலாம் என்றிருந்த நேரத்தில் 2012 முதல் கடும் வறட்சி பிடித்தது. மரப்பட்டையைத் துளைக்கும் வண்டும் சேர்ந்துகொண்டது. மாநிலம் முழுவதும் சுமார் 13 கோடி மரங்கள் செத்தன, தெற்கு சியராவில்தான் அடி பலம். மரங்களைக் கலைக்கும் வேலையை வறட்சி தானாகவே செய்துவிட்டது, அதுவும் வெட்டிய ஓடை, வெட்டாத ஓடை என்று வித்தியாசம் பார்க்காமல். ஃப்ரேசரிலும் இதே கதைதான், 2000களில் அரிசி மணி அளவுள்ள மலைப் பைன் வண்டு வந்து பெரிய லாட்ஜ்போல் பைன்களைக் கொன்றது. அந்த வண்டு தேடுவது தடித்த, முதிர்ந்த மரங்களை, அவை அதிகம் இருந்ததோ தொடாமல் காத்து வைத்த காட்டில்தான்.

தொடாத ஓடையும் மாறிவிட்டால் கோடு எங்கே போகும்? பழைய புள்ளிகள் வரைந்த கோடு இன்னும் கையில் இருக்கிறது, ஆனால் அதன் ஒரு முனையைப் பிடித்திருந்த கை நகர்ந்துவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் இப்போது பல ஓடைகளைச் சேர்த்து ஒப்பிடுகிறார்கள், மரத்தின் நீராவிப்போக்கைக் கோபுரம் கட்டித் தனியாக அளக்கிறார்கள், செயற்கைக்கோள் படங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் பழைய நீண்ட பதிவுதான். அதில் விழுந்த இடைவெளியைப் பின்னால் எந்தக் கருவியாலும் அடைக்க முடியாது, போன வருஷம் ஓடிய தண்ணீரைத் திரும்ப அழைத்து அளக்க முடியுமா என்ன. ஆனால் நிதி சுருங்கும்போது முதலில் கை வைப்பது இங்கேதான். ஒன்றும் செய்யாத ஓடையை எதற்கு அளக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால், கேள்வி நியாயமாகத்தான் தோன்றும்.

வொர்க்மன் க்ரீக்கில் அதுதான் நடந்தது. 1983இல் அளவீட்டை நிறுத்தினார்கள். சுவர்களும் தகடுகளும் மலையிலேயே கிடந்தன. 2000 ஏப்ரல் கடைசியில் கூன் க்ரீக் தீ அந்தச் சரிவில் ஏறியது. மிகக் கடுமையாக எரிந்தது நடுக்கிளை, அதாவது இத்தனை வருஷமும் யாரும் கை வைக்காமல் காத்த, மரம் அடர்ந்த கிளை. அந்தக் கோடைமழை தொடங்குவதற்குள் ஆட்கள் ஓடிப் போய் அளவை அணைகளை மறுபடி திறந்தார்கள். எரிந்த சரிவில் இருந்து இறங்கிய வெள்ளம், நாற்பது வருஷத்துக்கும் மேலான பழைய பதிவில் இருந்த எதையும்விடப் பெரிது. எவ்வளவு பெரிது என்று அவர்களால் சொல்ல முடிந்தது 1983 வரைக்கும் எழுதி வைத்த தாள்கள் இருந்ததால். தீக்கு முந்தைய பதினேழு வருஷங்களுக்கு அந்த மூன்று கிளைகளிலும் ஒரு தாளும் இல்லை.